ஏரிக் காவலுக்கு ஒரு பெயர்

புதன்கிழமை காலை குடைவேல மரத்தடியில் கூடியவர்கள் இன்னார் என்றும், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்றும் முதலில் சொல்லிவிட வேண்டும். நிழல் கடைசியாக விலகும் இடத்தில், மடக்கு முக்காலியின் மேல், கிராமக் குழுத் தலைவர் கோயினெட். அவர் கையில் ஈ ஓட்டும் வால்மயிர்க் கொத்து, கன்னத்துக்குள் புகையிலை. அவருக்கு எதிரே இரண்டு காலையும் நீட்டி, மடியில் மணி கோக்கும் தட்டோடு, பெண்கள் குழுத் தலைவி நன்யோரி. வேரில் சாய்ந்தபடி இரண்டு பெரியவர்கள். ஒருவர் தூங்கிவிட்டார், மற்றவருக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது. நிழலுக்கு வெளியே, நிறுத்திவைத்த பைக்கின் மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு லொன்யோக்கி. நடுவில், கவிழ்த்த பிளாஸ்டிக் வாளியின் மேல், தொடையில் பலகையும் பலகையில் காகிதமுமாகக் குழுவின் எழுத்தர் சிரோங்கா.

சிரோங்காதான் எல்லோருக்கும் முந்தி வந்தவன். உட்கார்ந்த வாளியும் அவன் வீட்டு வாளி. லொன்யோக்கி கடைசியில் வந்தான். வந்தும் இறங்கி உட்காரவில்லை. அப்படியிருந்தும் எல்லோருடைய முழங்காலும் லொன்யோக்கி பக்கமே திரும்பியிருந்தது. எழுதுகிறவனுக்கு எல்லோருடைய முதுகும் காதும்தான் கிடைத்தன. இதை சிரோங்கா கவனித்தான். இப்படிப்பட்டவற்றைக் கவனிக்காமல் விடுகிற பழக்கம் அவனுக்கு இல்லை.

"படிடா" என்றார் கோயினெட்.

சிரோங்கா படித்தான். வனவிலங்கு அலுவலகத்துக் கடிதம் அது. பூநாரைகள் இந்த வருஷமும் நேட்ரான் ஏரியில் முட்டையிட்டிருக்கின்றன. குஞ்சுகள் கரைக்கு நடந்து வரும் பருவத்தில் கழுதைப்புலி, நரி, பயணிகளின் வண்டி எதுவும் அண்டாமல் பார்த்துக்கொள்ளக் கிராமத்திலிருந்து ஒரே ஒரு காவலர் வேண்டும். சீருடையும் சம்பளமும் உண்டு. பெயரையும், ஏன் அந்த ஆள் என்ற காரணத்தையும் எழுதி வெள்ளிக்கிழமைச் சந்தை லாரியில் அனுப்பவும்.

கடிதத்தைப் பார்த்துத்தான் படித்தான், ஆனால் பார்க்கத் தேவையில்லை. அது வந்த நாளிலிருந்து அவனுக்கு மனப்பாடம். யாரும் கேட்காமலே வருஷக்கணக்கில் அந்தக் கரையை நடந்து பார்த்துக்கொண்டிருக்கிறவன் அவன். எந்த ஊற்றில் நல்ல தண்ணீர், எந்தத் திட்டு முதலில் காயும், கழுதைப்புலி எந்தப் பக்கமாக இறங்கும் எல்லாம் தெரியும். அந்தச் சீருடைச் சட்டை எந்த நிறம் என்பது மட்டும்தான் தெரியாது. பச்சையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

நன்யோரி ஊசியை நிறுத்தாமல் சொன்னாள். "இதுல யோசிக்க என்ன இருக்கு? ஏரிப்பக்கம் போற ஆம்பளைங்க ரெண்டே பேரு. ஒருத்தன் நடந்து போறான், ஒருத்தன் வண்டியில போறான்."

"வண்டியில போறவன் சீக்கிரம் போவான்" என்றார் தூக்கம் வந்துகொண்டிருந்த பெரியவர்.

"சீக்கிரம் திரும்பியும் வருவான்" என்றாள் நன்யோரி. சிரிப்பு எழுந்தது. லொன்யோக்கியைப் பற்றிச் சொன்னால் குறை சொன்னாலும் சிரிப்புதான்.

போன வருஷக் கதை உடனே மேலே வந்தது. வராமல் இருக்காது. போன வருஷம் வெயில் ஏறி ஏரி மடமடவென்று சுருங்கியபோது, நடந்து வந்த குஞ்சுகளின் கால்களில் சோடா உப்பு காப்பு போட்டதுபோல் இறுகிப்போயிற்று. கல்லைக் கட்டிவிட்ட மாதிரி, குஞ்சுகள் நடக்க முடியாமல் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்துவிட்டன. ஊரே திரண்டு போய், பெண்கள் மணி வேலைக்குக் கம்பி முறுக்கும் குறடுகளால் அந்தக் காப்புகளை ஒவ்வொன்றாக உடைத்தெடுத்தார்கள். ஆட்களைப் பைக்கில் ஏற்றி ஏற்றிக் கொண்டுபோய் இறக்கியவன் லொன்யோக்கி. உடைக்கும்போது பாட்டு எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான். ஊர் அதைத்தான் நினைவில் வைத்திருந்தது. குஞ்சுகள் உட்கார்ந்திருப்பதை முதலில் பார்த்து, சேறும் உப்புமாய் ஓடிவந்து சொன்னவன் யார் என்று கேட்டால் "யாரோ வந்து சொன்னாங்க" என்பார்கள்.

"அந்தப் பாட்டை இன்னொரு தடவை எடுடா" என்று பெரியவர் கேட்டார்.

"இப்ப வேணாம் பெரியவரே. குஞ்சு கால் காப்பை உடைச்சாத்தான் எனக்குப் பாட்டு வரும்" என்றான் லொன்யோக்கி. மறுபடி சிரிப்பு. பிறகு அவன் பைக்கிலிருந்து காலை இறக்கி, சிரோங்காவைப் பார்த்துக் கையைக் காட்டினான். "எனக்கு இந்த வேலை வேணாம். பாக்கேர் போகட்டும். எனக்குன்னு இந்தப் பைக்காவது இருக்கு. பாவம், அவனுக்கு வேற என்ன இருக்கு?"

பாக்கேர் என்பது சிரோங்காவின் பெயரல்ல. லொன்யோக்கியின் பெயரும் அல்ல. இருவருக்கும் நடுவே ஒரு காலத்தில் ஒரு பெண்ணாடு கைமாறியது. அப்படிக் கைமாறினால், கொடுத்தவனும் வாங்கியவனும் அன்றிலிருந்து ஒருவரையொருவர் அந்த ஆட்டின் பேரான பாக்கேர் என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். சொந்தப் பெயர் நாக்கில் வரக்கூடாது. பஞ்சத்தில் சிரோங்காவின் தொழுவம் காலியானபோது அந்த ஆட்டைக் கொண்டுவந்து கட்டியவன் லொன்யோக்கி. இன்று சிரோங்காவிடம் இருக்கிற மந்தை அத்தனையும் அந்த ஒரு ஆட்டின் வயிற்றில் பிறந்தது. தினமும் காலையில் தொழுவத்தைத் திறக்கும்போது அவனுக்கு அது நினைவு வரும். தினமும் கொஞ்சம் கசக்கும்.

'பாவம்' என்ற சொல் எங்கேயோ பட்டுவிட்டது.

"உன் பிச்சை எனக்கு வேண்டாம், லொன்யோக்கி!"

மணித்தட்டில் நன்யோரியின் ஊசி நின்றது. தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் கண்ணைத் திறந்தார். கோயினெட்டின் கையில் வால்மயிர்க் கொத்து பாதி வீச்சில் நின்றுவிட, ஈ ஒன்று சாவகாசமாக வந்து அவர் மூக்கின் மேல் உட்கார்ந்தது. அவர் அதை ஓட்டவில்லை.

"இப்ப என்ன சொன்ன?" என்று கேட்டார்.

சிரோங்கா லொன்யோக்கியைப் பார்த்தான். லொன்யோக்கியின் முகத்தில் கோபம் இல்லை. அடிபட்டவன் எங்கே அடி என்று தேடுகிற மாதிரி ஒரு பார்வை. கோபப்பட்டிருந்தால் சிரோங்காவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"பேரைச் சொன்னது சொன்னதுதான்" என்றார் கோயினெட். புகையிலைச் சாற்றைப் பக்கத்தில் துப்பினார். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்ன ஆடு செத்துப்போச்சு. சொன்னவன் நீ, இன்னொண்ணு ஓட்டிட்டு வந்து நிறுத்து. அது உன் பாடு. ஏரி விஷயத்துக்கு வாங்க. அங்க பயணி வருவான், வெளியூர் ஆடு மேய்க்கிறவன் வருவான், அதிகாரி வருவான். எல்லாத்துக்கிட்டயும் வாயைக் கட்டிட்டு நிக்கணும். சொந்தக் கூட்டாளிகிட்டயே வாயைக் கட்டத் தெரியாதவனை எப்படிப்பா அனுப்புறது? எழுது. லொன்யோக்கி. காரணமும் நீயே பாத்து எழுது, உனக்குத்தான் எழுத்து வரும்."

கூட்டம் கலைந்தது. சிரோங்கா வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். பின்னால் பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. வழக்கமாக அது அவன் பக்கத்தில் வந்து நின்று "ஏறு பாக்கேர்" என்று சொல்லும். அன்று வேறு பக்கம் போயிற்று.

அவன் மனைவி செயனோய்க்குச் செய்தி அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பால் கெடாமலிருக்கக் குடுவைக்குப் புகை காட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள்.

"லெக்கிஷோன் அப்பா, வாயை வீட்டுல வச்சிட்டுப் போயிருக்கலாம்ல? வாளியத் தூக்கிட்டுப் போகத் தெரியுது."

"அவன் என்னைப் பாவம்னான்."

"சொல்லிட்டுப் போறான். பாவம்னு சொல்லி வேலையக் குடுத்தா, வேலை வேலை இல்லாமப் போயிடுமா?" குடுவையைக் கவிழ்த்துத் தட்டினாள். "இப்ப ஆடு வேற. எதை ஓட்டிட்டுப் போவ? நம்ம தொழுவத்துல எதைப் பிடிச்சாலும் அவன் குடுத்த ஆட்டோட பேத்தியாத்தான் இருக்கும்."

இதை அவனும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தான். இன்னொருத்தி வாயிலிருந்து கேட்டபோது இன்னும் மோசமாக இருந்தது.

அன்று மத்தியானமே எழுத உட்கார்ந்தான். தேதி, பெறுநர், பொருள், எல்லாம் அதனதன் இடத்தில். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த ஸ்வாஹிலி, கோணாத வரிகள். 'எங்கள் கிராமக் குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கும் பெயர்' என்பது வரை பேனா நன்றாக ஓடியது. பெயரை எழுதினான். இத்தனை வருஷமும் சொல்லாத பெயர் ஒரே நாளில் நாக்கிலும் வந்துவிட்டது, காகிதத்திலும் ஏறிவிட்டது.

அடுத்தது காரணம். அங்கேதான் அவன் கை வேறு பக்கம் போயிற்று.

அவனிடம் ஒரு விஷயம் இருந்தது. போன வருஷம் காப்பு உடைத்த பிறகு, குஞ்சுகள் தேறும்வரை ஊற்றருகே காவல் இருக்கிறேன் என்று லொன்யோக்கி எல்லோர் முன்னாலும் ஏற்றுக்கொண்டான். ஏற்றுக்கொண்டவன் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணம் என்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டான். அன்று தற்செயலாக அங்கே போன சிரோங்கா, ஆளில்லாததைப் பார்த்துவிட்டு அவன் திரும்பும் வரை தானே தீ மூட்டிக் காவல் இருந்தான். கழுதைப்புலிகள் சுற்றிச் சுற்றி வந்தன. கொள்ளிக்கட்டையை வீசி விரட்டினான். யாரிடமும் சொல்லவில்லை. நட்புக்காகச் சொல்லாமல் இருந்தான் என்று நினைத்தால் தப்பு. என்றைக்காவது வேண்டியிருக்கும் என்று மடியில் முடிந்து வைத்திருந்தான். அந்த நாள் வந்துவிட்டது. 'சென்ற பருவத்தில் இவர் காவலை விட்டுவிட்டுச் சென்றதும் உண்டு' என்று எழுதினான். ஒரே வரி. பொய் ஒன்றும் இல்லை. அலுவலகத்துக்கு அது போதும்.

எழுதியவனுக்கு அந்த வரி பிடித்திருந்தது. ஆனால் எதையும் சரிபார்க்காமல் அனுப்புகிற ஆள் அவன் இல்லை. 'இவ்வருஷமும் கிழக்குத் திட்டு காய்ந்து, கழுதைப்புலி இறங்க வழி திறந்துகிடக்கிறது' என்று கூடவே சேர்த்தால் அந்த வரி இன்னும் உறைக்கும். அது உண்மையா என்று பார்த்துவிட வேண்டும்.

வியாழக்கிழமை விடியும்போதே கிளம்பினான். கடவுளின் மலை என்று ஊர் சொல்லும் எரிமலையின் உச்சியில் மெல்லிய புகை நின்றது. புல்வெளியில் வரிக்குதிரைகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இவன்தானே என்று மறுபடி குனிந்துகொண்டன. புல் குட்டையாகி, தரை சாம்பலாகி, பிறகு வெள்ளையாயிற்று. அழுகின முட்டை வாசனை வந்தது. தூரத்தில் ஏரி இளஞ்சிவப்பாகக் கிடந்தது. அந்தச் சிவப்பில் பாதி தண்ணீர், பாதி பறவை. அவற்றின் கசகசவென்ற பேச்சு, சந்தைக்கு இரண்டு மேடு இந்தப்பக்கமே சந்தை கேட்குமே, அப்படிக் கேட்டது.

ஊற்றுக்குப் பக்கத்தில் குஞ்சுகள் வந்துவிட்டிருந்தன. சாம்பல் நிறத்தில் ஒரே கூட்டமாய், நாலைந்து பெரிய பறவைகள் முன்னே நடக்க, இன்னும் சிவக்காத கால்களால் தத்தித் தத்தி நகர்ந்துகொண்டிருந்தன. கரையோரம் மொட்டைத்தலை நாரைகள், கல்யாண வீட்டில் இறைச்சி வேகும்வரை காத்திருக்கிற பெரியவர்களைப் போல, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றன. கிழக்குத் திட்டு அவன் நினைத்தபடியே காய்ந்து, கரையிலிருந்து குஞ்சுகள் வரைக்கும் பாதை போட்டிருந்தது. எழுதலாம், வரி சரி என்று அவன் நினைத்த நேரத்தில் திட்டின் மேல் ஒரு ஆள் அசைவதைப் பார்த்தான்.

லொன்யோக்கி. முள்ளுக்கிளை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தான்.

சிரோங்கா எரிமலைக் கல் ஒன்றின் பின்னால் குந்திக்கொண்டான். பைக்கைக் காணோம். கண்ணால் துழாவியபோது வெகு தூரத்தில், புல் முடிகிற இடத்தில், ஒரு புள்ளியாகத் தெரிந்தது. குஞ்சுகள் சத்தத்துக்கு மிரளும் என்று அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறான். கரையில் வெட்டிப்போட்ட முள் குவிந்துகிடந்தது. ஒவ்வொரு கிளையாக இழுத்து வந்து திட்டின் குறுக்கே போட்டுக்கொண்டிருந்தான். பாட்டு இல்லை. பேச்சு இல்லை. சிரிக்க ஆளும் இல்லை. உப்புப் பொருக்கு உடைந்து ஒரு கால் முழங்கால் வரை உள்ளே போயிற்று. ஏதோ கெட்ட வார்த்தை சொல்லி உருவினான். உருவியபோது தோல் சிவந்திருந்தது இங்கிருந்தே தெரிந்தது. ஊற்றுக்குப் போய் நல்ல தண்ணீரில் கழுவினான். இப்போது விட்டுவிடுவான், இப்போது பைக்கைப் பார்த்து நடப்பான் என்று சிரோங்கா காத்திருந்தான். அவன் திரும்பிவந்து அடுத்த கிளையைப் பிடித்தான்.

சிரோங்காவுக்கு வயிறு எரிந்தது. லொன்யோக்கி செய்வதெல்லாம் நாலு பேர் பார்க்கத்தான் என்ற ஒரு நினைப்பு இத்தனை வருஷமும் அவனுக்குத் துணையாக இருந்தது. மற்றதெல்லாம் லொன்யோக்கிக்குக் கிடைக்கட்டும், அது மட்டும் தனக்கு என்று வைத்திருந்தான். இப்போது அதையும் பிடுங்கிக்கொண்டான்.

ஆனால் லொன்யோக்கிக்கு வேலி போடத் தெரியவில்லை. கிளைகளைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டிருந்தான். அடித்தண்டு வெளிப்பக்கம், முள் உள்பக்கம். கழுதைப்புலி தண்டைக் கவ்வி ஒரே இழுப்பில் இழுத்துப் போட்டுவிடும். முதல் கிளையைச் சிரோங்கா பொறுத்துக்கொண்டான். இரண்டாவதையும் பொறுத்தான். மூன்றாவதை முடியவில்லை.

"தண்டு உள்பக்கம் இருக்கணும்டா!" என்று கத்திக்கொண்டே எழுந்தான். "உன் வீட்டு வேலிய உன் தம்பிதான் போடுறான்னு ஊருக்கே தெரியும், அதைக் கழுதைப்புலிக்கும் தெரிவிக்கணுமா?"

லொன்யோக்கி திடுக்கிட்டுத் திரும்பினான். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான். வாய் 'பா' என்று ஆரம்பித்து நின்றது. பிறகு, அறிமுகமில்லாத ஒருவனைக் கூப்பிடுகிற மாதிரி, "சிரோங்காவா?" என்றான்.

தன் பெயர் இவ்வளவு நீளம் என்று சிரோங்காவுக்கு அதுவரை தெரியாது.

இருவரும் சேர்ந்து கிளைகளைத் திருப்பிப் போட்டார்கள். வேலை முடிகிறவரை "இதைப் பிடி", "அங்க தள்ளு" தவிரப் பேச்சில்லை. வெயில் ஏறியதும் ஊற்றருகே உட்கார்ந்தார்கள். லொன்யோக்கி செருப்பைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் விட்டான்.

"நேத்து ஏண்டா அப்படிப் பேசின? உன் பேரைத்தான் சொல்லப் போனாங்க."

"பொய் சொல்லாத."

"பொய்யா? போன வருஷம் நான் கல்யாணத்துக்குப் போயிட்டேனே, குஞ்சுங்களைப் போட்டுட்டு. நீ இங்க இருந்திருக்க. திரும்பி வந்தப்ப தீ மூட்டின இடம் சூடா இருந்துச்சு. பக்கத்துல உன் செருப்புத் தடம். இடது குதிங்கால்ல ஆணி அடிச்ச டயர்ச் செருப்பு இந்த ஊர்ல வேற யாருகிட்ட இருக்கு? அன்னைக்கே போயி தலைவர்கிட்ட சொல்லிட்டேன். அவரு திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு. அதான் நேத்து நான் வேணாம்னேன். அவரு தலையாட்டியிருப்பாரு. நடுவுல நீ வாயத் திறந்துட்ட."

சிரோங்கா ஒரு வருஷமாக மடியில் முடிந்து வைத்திருந்ததை ஊர்த் தலைவர் ஒரு வருஷமாகத் தெரிந்துவைத்திருக்கிறார். அதைவிட, சீருடை தோளில் விழுகிற நேரத்தில் தானே தட்டிவிட்டிருக்கிறான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீயா சொல்லுவன்னு பாத்தேன். நீ சொல்லல. சரி, பெரிய மனுசன், காட்டிக்க மாட்டேங்கிறான்னு நினைச்சேன்." லொன்யோக்கி காலை வெளியே எடுத்துத் துடைத்தான். "இன்னும் கெட்டுப்போகல. கடுதாசி உன் கையிலதான் இருக்கு. உன் பேரை எழுது. நான் போயி தலைவர்கிட்ட பேசிக்கிறேன். நான் கேட்டா இல்லேங்க மாட்டாரு."

நான் கேட்டா இல்லேங்க மாட்டாரு. அதைச் சொன்னபோது அவன் பெருமைப்படவில்லை. மழைக்காலத்தில் மழை பெய்யும் என்கிற மாதிரிச் சொன்னான்.

"பாக்கலாம்" என்று எழுந்தான் சிரோங்கா.

"வண்டியில வர்றியா?"

"நடந்துக்கிறேன்."

வீட்டில் நடந்ததையெல்லாம் செயனோயிடம் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் கஞ்சி கிண்டுகிற கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"அப்ப எழுது."

"அவன் சிபாரிசுல..."

"சிபாரிசாவது ஒண்ணாவது. காவல் இருந்தது நீ. குஞ்சுங்களை முதல்ல பாத்தது நீ. உனக்கு வரவேண்டியது சுத்திக்கிட்டு வருது, அவ்வளவுதான். அது அவன் வண்டியில ஏறி வந்தா என்ன, நடந்து வந்தா என்ன?"

"ஊர்ல என்ன சொல்லுவாங்க? லொன்யோக்கி விட்டுக் குடுத்தான்னு சொல்லுவாங்க. நான் கரையில நிக்கிற ஒவ்வொரு நாளும் சொல்லுவாங்க. ஆட்டைக் குடுத்தான், வேலையையும் குடுத்தான்னு."

"சொல்லட்டும். உனக்குச் சட்டை, எனக்குச் சம்பளம்."

"எனக்கு முடியாது."

"அவனை நினைக்கிற நேரத்துல பாதி என்னை நினைச்சிருந்தா நான் எப்படியோ இருந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கஞ்சிக்குத் திரும்பினாள்.

அவன் புதுத் தாளை எடுத்தான். பெயர்: லொன்யோக்கி. காரணம் எழுத வேண்டும். எழுத ஒன்றும் கிடைக்காவிட்டால் உதவும் என்று வரும் வழியில் நன்யோரியிடம் விசாரித்திருந்தான். "நல்ல பையன்னு எழுது" என்றாள். வேரில் சாய்ந்திருந்த பெரியவர் "பாட்டு நல்லா வரும்னு போடு" என்றார். நேசிக்கிறவர்களுக்கு இவ்வளவுதான் தெரிந்திருந்தது.

சிரோங்காவுக்கு நிறையத் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றாக எழுதினான். இவர் குஞ்சுகளின் அருகில் வண்டியைக் கொண்டுபோவதில்லை. சத்தமில்லாமல் நடந்து செல்கிறார். பார்ப்பார் இல்லாத இடத்திலும் வேலையைப் பாதியில் விடுவதில்லை. பொருக்கில் கால் வெந்தும் தொடர்ந்ததை நேரில் கண்டோம். காவல் வேலை தொடங்குமுன், யாரும் சொல்லாமல், கிழக்குத் திட்டைத் தாமாகவே முள்ளால் அடைத்தார். வெளியூர் மேய்ப்பர்கள் ஊற்றுத் தண்ணீருக்குச் சண்டைக்கு வந்த வருஷம், கையில் கழி இல்லாமல் போய்ச் சிரிக்கவைத்துத் திருப்பி அனுப்பினார். பயணிகளை அதட்டாமல் நிறுத்துகிறார். பஞ்ச காலத்தில் தம்மிடம் இருந்ததில் நல்லதைக் கொடுத்தார், இரண்டாந்தரத்தை அல்ல. தம் தவறைத் தாமே போய்ச் சொல்கிறார்.

ஒவ்வொரு வரியும் ஒரு காலத்தில் அவனைக் குத்தியது. அந்த மேய்ப்பர்கள் சிரித்துக்கொண்டே திரும்பிப் போன அன்று, கழியோடு பின்னால் வந்து நின்றவன் இவன். அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. எல்லாம் அழியாமல் உள்ளே இருந்தன. ஒரு மனிதனின் நல்லதை இத்தனை வருஷம் இவ்வளவு கவனமாகச் சேர்த்துவைக்க வேறு யாராலும் முடிந்திருக்காது.

தவறு என்று எழுதிய பிறகு அது எந்தத் தவறு என்று சொல்லாமல் விடுவது முறையல்ல. எழுதினான்: 'சென்ற பருவத்தில் இவர் காவலை விட்டு ஒரு திருமணத்துக்குச் சென்றார். திரும்பியதும் குழுத் தலைவரிடம் தாமே தெரிவித்தார். இடைப்பட்ட நேரத்தில் வேறொருவர் காவல் இருந்ததால் இழப்பு ஏதும் இல்லை.'

செயனோய்க்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினான். கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டாள். அப்புறம் "அந்த வேறொருவருக்குப் பேர் இல்லையா?" என்றாள்.

"எழுதினா நல்லா இருக்காது. கெஞ்சுற மாதிரி இருக்கும்."

"சரி, விடு. கழுதைப்புலிக்குத் தெரியும்."

அவள் வெளியே போய்விட்டாள். சிரோங்கா 'வேறொருவர்' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். அடித்தல் திருத்தல் உள்ள தாளை அனுப்புகிற வழக்கம் அவனுக்கு இல்லை. பெருமூச்சு விட்டு இன்னொரு தாளை எடுத்து, முதலிலிருந்து முழுவதையும் திரும்ப எழுதினான். அந்த இடம் வந்ததும் 'நம்பாசோ மகன் சிரோங்கா' என்று எழுதினான். மற்ற எழுத்தை விடப் பெரிதாக எழுதவில்லை. சிறிதாகவும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தாளை எடுத்துக்கொண்டு கோயினெட்டின் வீட்டு வாசலுக்குப் போனான். பெரியவர் பால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அவன் நேத்து சாயங்காலம் வந்தான்" என்றார் எடுத்த எடுப்பில். "உன் பேரையே போடச் சொன்னான். ரொம்ப நேரம் பேசினான். சரின்னுட்டேன். ஆட்டை மட்டும் ஓட்டிட்டு வந்து விட்டுடு. என்ன எழுதியிருக்க?"

சிரோங்கா படித்தான். பெரியவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டார். முடிந்ததும் தாடையைத் தடவினார்.

"இவ்வளவு நல்லவனா அவன்? எனக்கே தெரியாதே." பிறகு கண்ணைச் சுருக்கி, "அப்ப உனக்கு வேலை வேணாமா?" என்றார்.

"வேணும்."

"அப்புறம்?"

"அவன் வாங்கிக் குடுத்து வேணாம்."

கோயினெட் சிரோங்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை நீட்டினார். சிரோங்கா மை தடவி, தாளின் அடியில் அதை அழுத்தி எடுத்தான்.

சந்தை லாரி மரத்தடிக்கு வந்து நின்று, ஆடுகளையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டிருந்தது. நேரம் இருந்தது. சிரோங்கா வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து கடிதத்தை இன்னொரு தடவை படித்தான். பிழை எதுவும் இல்லை. அவன் எழுதியவற்றில் இதுதான் நன்றாக வந்திருந்தது. இப்படி ஒரு கடிதத்தைத் தன்னைப் பற்றி எழுத இந்த ஊரில் ஒரு ஆள் இல்லை என்று தோன்றியது. லொன்யோக்கிக்குத்தான் அப்படி ஒரு ஆள் இருக்கிறான். அதுவும் அவனுக்கே வாய்த்திருக்கிறது. நெஞ்சுக்குள் பழைய இடத்தில் மறுபடி எரிந்தது.

ஓட்டுநர் ஒலியெழுப்பினான். சிரோங்கா தாளை மூன்றாக மடித்தான், மடிப்பு ஓரங்கள் ஒன்றோடொன்று சரியாக நிற்கும்படி. உறையில் போட்டான். வீட்டிலிருந்து சிறு டப்பாவில் கொண்டுவந்த மக்காச்சோள மாவுப் பசையை விரலால் தடவி, மூடியை அழுத்தி, பசை காயும்வரை உள்ளங்கையால் பிடித்திருந்தான். ஒட்டிய இடத்தின் மேல் குழுவின் முத்திரையைக் குத்தினான். எழுந்து போய் ஓட்டுநர் கையில் கொடுத்து, நனையாமல் வைக்கச் சொன்னான். ஓட்டுநர் அதைக் கண்ணாடிக்கு மேலே செருகிக்கொண்டு வண்டியை எடுத்தான்.